ஓடையைக் குளிர்விக்க மரமா, பெக்கோவா, துருசுத் தண்ணீரா?

கோடையின் வறண்ட தென்மேற்குக் காற்றான கச்சான் வீசத் தொடங்கினால், திருகோணமலை மாவட்டத்தின் தம்பலகாமம், கந்தளாய், மூதூர்ப் பக்கத்துச் சின்ன ஓடைகள் எல்லாம் ஒடுங்கிவிடுகின்றன. முழங்காலளவு ஓடிய தண்ணீர் கணுக்காலளவாகிறது. பிற்பகலில் இறங்கினால் கால் சுடுகிறது. மடுக்களில் ஒதுங்கிய மீன்கள் விடியப்புறத்தில் வாயை மேலே நீட்டித் திணறுகின்றன, சில நாட்களில் செத்து மிதக்கின்றன. இதற்கு என்ன செய்யலாம் என்று கமக்கார அமைப்புகளிலும் நன்னீர் மீனவர் சங்கங்களிலும் பேச்சு எழும்போது மூன்று யோசனைகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கரையில் மரம் நடுவது, பெக்கோ என்ற மண் அள்ளும் இயந்திரத்தைப் பிடித்து ஓடையை ஆழமாக்குவது, குளத்துத் துருசை, அதாவது மதகைக், கொஞ்சம் கூடுதலாகத் திறக்கச் சொல்லிக் கேட்பது. இவற்றோடு நாலாவதாக ஒரு குரலும் கேட்கும். "காற்றே இப்படிச் சுடுது, தண்ணி சுடாம என்ன செய்யும்? நம்ம கையில என்ன இருக்கு?"

அந்த நாலாவது குரலில் இருந்துதான் தொடங்க வேண்டும். அது சரியென்றால் மற்ற மூன்றுக்கும் செலவழிக்கிற காசு வீண்.

காற்றின் வெப்பமும் ஓடை நீரின் வெப்பமும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்பது உண்மை. இதை உலகெங்கும் அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மிசிசிப்பிப் படுகையில் 11 ஆறுகளை வைத்து 1993இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 5 பாகை செல்சியஸோடு வளி வெப்பத்தின் 0.75 பங்கைக் கூட்டினால் வருவது என்று ஒரு எளிய சமன்பாடு தந்தது. வளி 20 பாகை என்றால் நீர் 20, வளி 30 என்றால் நீர் 27.5. இந்த எண்களை நம்மூர் ஓடைக்கு அப்படியே போட்டுப் பார்க்கக் கூடாது. அந்த ஆறுகள் வேறு, அந்தக் காலநிலை வேறு. ஆனால் அதன் வடிவம் முக்கியமானது. வளி 1 பாகை ஏறும்போது நீர் முழுதாக 1 பாகை ஏறுவதில்லை. வளி மிகவும் சூடாகும்போது நீரின் ஏற்றம் இன்னும் மட்டுப்படுகிறது என்று 1998இல் வந்த இன்னொரு ஆய்வு காட்டியது. காரணம் ஆவியாதல். தண்ணீர் சூடாகச் சூடாக அதன் மேற்பரப்பிலிருந்து ஆவி கூடுதலாகப் போகிறது, போகிற ஆவி வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. கச்சான் காலத்தில் மண்பானைத் தண்ணீர் மற்றக் காலங்களைவிடச் சில்லென்று இருப்பதும் இதனால்தான். காற்று சூடாக இருந்தாலும் வறண்டு இருக்கிறது, அதனால் பானை நன்றாகக் கசிந்து ஆறுகிறது.

அப்படியென்றால் ஓடையைச் சூடாக்குவது எது? நேர் வெயில். திருகோணமலையில் முகில் இல்லாத நடுப்பகலில் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் விழும் சூரிய ஆற்றல் 1000 வாற்று அளவுக்கு வரும். அதே நேரத்தில் நீரைவிட 5 பாகை கூடுதலாகச் சுடுகிற காற்று, நீரைத் தொட்டுக் கொடுக்கிற வெப்பம் சதுர மீற்றருக்குச் சில பத்து வாற்றுகள்தான். ஒரு கனமீற்றர் தண்ணீரை 1 பாகை சூடாக்க வேண்டிய வெப்பம், அதே அளவு காற்றைச் சூடாக்க வேண்டியதைப் போல 3500 மடங்கு. காற்று எவ்வளவுதான் சுட்டாலும் அது ஓடைக்குள் அள்ளிக் கொட்டக்கூடிய வெப்பம் குறைவு. வளியும் நீரும் சேர்ந்து ஏறுவதற்குப் பெரிய காரணம், இரண்டையும் ஒரே வெயில் சூடாக்குவதுதான்.

இதைச் சந்தேகமில்லாமல் காட்டிய ஒரு சம்பவம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் அல்சீ என்ற ஆற்றுப் பகுதியில் நடந்தது. பக்கத்துப் பக்கத்தில் இருந்த சிறு நீரோடைகளில் 1966இல் காடு வெட்டினார்கள். ஒன்றில் கரையிலிருந்த மரம் உட்பட எல்லாவற்றையும் மொட்டையடித்தார்கள். மற்றொன்றில் வெட்டிய இடங்களுக்கும் ஓடைக்கும் நடுவே ஒரு பட்டை மரமும் பற்றையும் விட்டு வைத்தார்கள். மொட்டையடித்த ஓடையில், அதுவரை 14 பாகையைத் தாண்டாமல் இருந்த வருடத்தின் உச்ச நீர் வெப்பம் அடுத்த ஆண்டில் 29 பாகைக்கு ஏறியது. பட்டை விட்ட ஓடையில் காடு வெட்டியதால் வந்ததென்று சொல்லக்கூடிய மாற்றம் எதுவும் இல்லை. இரண்டு ஓடைகளுக்கும் மேலே வீசியது ஒரே காற்றுதான்.

நாலாவது குரலுக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது.

ஆனால் காற்றை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. இரவில் வெயில் இல்லை, அப்போது நீர் எவ்வளவு தூரம் ஆறலாம் என்பதைக் காற்றும் அதன் ஈரமும்தான் தீர்மானிக்கின்றன. கோடையில் திருகோணமலையின் இரவு பெரும்பாலும் 25, 26 பாகைக்குக் கீழே போவதில்லை. ஓடையும் அதற்கு மேலே ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. சுருக்கமாக, நீரின் அடித்தளத்தைக் காற்று போடுகிறது, உச்சியை வெயில் கட்டுகிறது. இரவுகள் ஆண்டுக்காண்டு வெக்கையானால் அடித்தளம் உயரும். அதை நம் ஊரில் யாரும் தடுக்க முடியாது. பிற்பகல் உச்சியை வெட்டலாம். மூன்று யோசனைகளையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

உச்சி ஏன் முக்கியம்? 30 பாகை நன்னீரில் லீற்றருக்கு அதிகபட்சம் 7.6 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்திருக்கும். 35 பாகையில் அது 7க்கு இறங்கிவிடும். வித்தியாசம் சின்னதாகத் தோன்றலாம். ஆனால் சூடு கூடும்போது மீனின் மூச்சுத் தேவையும் கூடுகிறது, அடியிலுள்ள இலைகுழை அழுகும் வேகமும் கூடுகிறது. பகலில் பாசி ஒட்சிசனை விடுவதால் சமாளித்துக்கொள்ளும். இரவு முழுக்க எல்லாமே ஒட்சிசனை இழுத்து விடியப்புறத்தில் அது ஆகக் குறைந்து நிற்கும். மீன் சாவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். விரால் வெளிக்காற்றைக் குடித்துத் தப்பிவிடும், திலாப்பியா நிறையத் தாங்கும். மற்ற உள்ளூர்ச் சிறுமீன்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

முதலில் பெக்கோ, ஏனென்றால் கூட்டத்தில் ஆகக் கூடுதலாகக் கை உயர்வது இதற்குத்தான். காரணம் விளங்குகிறது. ஒரே நாளில் வேலை முடியும், கண்ணுக்குத் தெரியும். கணக்கும் அதன் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. இழப்பெல்லாம் போக ஒரு சதுர மீற்றருக்கு 500 வாற்று நீரில் தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 சென்ரிமீற்றர் ஆழத் தண்ணீர் மணிக்கு 4 பாகைக்கு மேல் ஏறும். அதே வெயிலில் 1 மீற்றர் ஆழத் தண்ணீர் அரைப் பாகைகூட ஏறாது. ஆழம் உண்மையிலேயே பெரிய காவல்.

ஆனால் ஓடை நெடுக மணலை வாரி எடுப்பது வேறு கதை. ஓடைத் தண்ணீரில் ஒரு பங்கு மணலுக்கடியில் ஊறிப் போய்க் கொஞ்ச தூரத்தில் மறுபடி மேலே வருகிறது. அப்படிப் போய்வரும் நீர் பகல் சூட்டை மணலில் விட்டுவிட்டு வரும். ஓரிகனிலேயே பின்னாளில் நடந்த ஓர் ஆய்வில், வெறும் பாறைப் படுகையில் ஓடிய பகுதியைவிட மணலும் சரளையும் நிறைந்த பகுதியில் பகல் உச்ச வெப்பம் குறைவாகவும் இரவில் இறங்கும் ஆகக் குறைந்த வெப்பம் சற்று உயர்வாகவும் இருந்தது. மணலை அள்ளிக் கட்டாந்தரையைக் காட்டினால் அந்தக் காவல் போய்விடும். அதோடு ஓடைப் படுக்கை இறங்கினால் பக்கத்துக் கிணறுகளின் நீர்மட்டமும் இறங்கும். கிண்ணியா, தம்பலகாமக் குடாப் பக்கம் போல முகத்துவாரத்துக்குக் கிட்ட ஆழமாக்கினால் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறி வரும். வயலுக்கு உப்பு வந்த பிறகு ஓடை வெப்பத்தைப் பற்றி யாரும் கவலைப்படப் போவதில்லை. மணல் அகழ்வுக்கு அனுமதி வேண்டும் என்பதும் இருக்கிறது. பெக்கோவைக் கொண்டு வந்தவர்கள் கரையேற வழியாக இரண்டு பக்கத்து மருதையும் சாய்த்துவிட்டுப் போன இடங்களை நான் பார்த்திருக்கிறேன். நிழலைக் கொடுத்து ஆழம் வாங்கிய வியாபாரம் அது. நட்டக் கணக்கு.

பெக்கோவை முழுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏற்கனவே இயற்கையாக மடு இருக்கிற இடத்தில், வளைவின் வெளிப்புறத்தில், சேர்ந்த சேற்றை மட்டும் எடுத்து அந்த மடுவை மீட்டெடுக்கலாம். சேற்றோடு அழுகிய இலைகுழையும் போய்விடுவதால் ஒட்சிசனுக்கும் நல்லது. மேலே நிழல் இருக்கிற மடுவாகப் பார்த்துத் தேர்ந்தால் இரட்டைப் பயன். ஒன்றிரண்டு மடு போதும். மீனுக்குக் கோடையைக் கடத்த ஒரு தங்குமிடம்தானே வேண்டும்.

துருசுத் தண்ணீருக்கு வருகிறேன். குளத்திலிருந்து கூடுதலாக நீர் வந்தால் ஓடை ஆழமும் வேகமும் பெறும், அதனால் மெதுவாகச் சூடாகும். துருசு அடியிலிருந்து எடுப்பதால் பகலில் அந்தத் தண்ணீர் குளத்தின் மேற்பரப்பைவிடக் குளிர்ச்சியாகவும் இருக்கும். ஆனால் அடித்தண்ணீரில் ஒட்சிசன் குறைவாக இருக்கக் கூடும். கல்லிலும் கட்டிலும் விழுந்து கலங்கி ஓடினால்தான் அது சரியாகும். அப்புறம், அந்தக் குளிர்ச்சி வெகுதூரம் நிற்காது. திறந்த வெயிலில் ஆழமில்லாமல் போகிற நீர் சில மணி நேரத்திலேயே அந்த இடத்துக்குரிய வெப்பநிலைக்கு வந்துவிடும். வாய்க்கால் வழியாக வயலுக்குப் போய் வடிச்சலாகத் திரும்பி வருகிற தண்ணீர் எப்படியும் சூடானதுதான்.

இதைவிடப் பெரிய தடை, சிறுபோகத்தில், அதாவது கோடை நெற்செய்கைக் காலத்தில், தண்ணீருக்கு இருக்கிற போட்டி. கந்தளாய்க் குளத்தை நம்பி வயல் மட்டுமா இருக்கிறது? நகரத்துக் குடிநீரும் அங்கிருந்துதான் வருகிறது. வறட்சி ஆண்டில் மீனுக்காகத் துருசைத் திற என்று போகக் கூட்டத்தில் யார் எழுந்து சொல்லுவது, சொன்னாலும் யார் கேட்பது? மகாவலி கொட்டியாரக் குடாவில் விழுகிற இடத்தைப் போல அகன்ற ஆறுகளுக்கு இதுதான் ஒரே வழி என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவு அகலத்துக்குக் கரை மரத்தின் நிழல் எட்டாது, மேலேயிருந்து விடுகிற நீரின் அளவுதான் பேசும். சின்ன ஓடைக்கு அதை ஒரு ஆண்டுத் திட்டமாக நம்ப முடியாது. கடும் வெக்கை வாரத்தில் ஒரு அவசர உதவியாகக் கேட்டுப் பெறலாம். கேட்பதானால் முற்பகலில் வந்து சேரும்படி கேளுங்கள். நள்ளிரவில் வந்து போகிற தண்ணீரால் பிற்பகல் சூட்டுக்குப் பலன் இல்லை.

என் தேர்வு மரம். ஐந்தாறு மீற்றர் அகலத்துக்குள் அடங்கும் எந்த ஓடைக்கும் இதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும். பாறைப் படுகையையும் மணற்படுகையையும் ஒப்பிட்ட அந்த ஓரிகன் ஓடையில் 150 மீற்றர் நீளப் பாறைப் பகுதியை விரிப்பால் மூடி நிழலாக்கிப் பார்த்த பரிசோதனையும் நடந்திருக்கிறது. பகல் உச்சம் தெளிவாக இறங்கியது. தாழ்வும் சராசரியும் பெரிதாக மாறவில்லை. நிழல் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை இது அப்படியே சொல்லிவிடுகிறது. மரம் நட்டால் இரவுத் தண்ணீர் குளிர்ந்துவிடும் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள்.

எந்தக் கரையில் நடுவது என்பதில்தான் நம்மவர்கள் தவறிப் போகிறார்கள். வடக்கே தூரத்தில் இருக்கிற நாடுகளின் கைநூல்கள் தென்கரையில் நடு என்று சொல்லும். அங்கே சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்து போகிறது. திருகோணமலை இருப்பது வடக்கே எட்டரைப் பாகை அகலக்கோட்டில். இங்கே ஏப்ரல் நடுப்பகுதியில் உச்சிக்கு வருகிற சூரியன் அதன் பிறகு வடக்கே தாண்டிப் போய் ஆகஸ்ட் முடிவில்தான் திரும்பி உச்சிக்கு வருகிறது. கச்சான் காலத்தின் பெரும்பகுதியிலும் காலை முதல் மாலை வரை வெயில் வடக்குப் பக்கத்திலிருந்தே விழும். ஆகவே மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிற ஓடைக்கு நமக்கு வேண்டியது வடகரை மரம். ஜூன் மாதத்தில் பிற்பகல் 3 மணி வாக்கில் வடகரையில் நிற்கும் 10 மீற்றர் மரத்தின் நிழல் ஓடைக்குக் குறுக்கே 4 மீற்றர் வரை எட்டும். ஓடை தெற்கு வடக்காக ஓடினால் மேற்குக் கரைதான் முக்கியம். அதே மரத்தின் நிழல் அப்போது குறுக்கே 9 மீற்றர் போகும். நடுப்பகலில் வெயில் கிட்டத்தட்ட நேர் மேலேயிருந்து விழுவதால் உயரம் மட்டும் போதாது, ஓடைக்கு மேல் கிளை கவிய வேண்டும். அதற்காகக் கரை விளிம்பிலேயே நடுங்கள். நாலு மீற்றர் தள்ளி நட்ட மரம் வயலுக்குத்தான் நிழல் தரும், வயல்காரரின் கோபத்தையும் சேர்த்துத் தரும்.

மருது இந்த மண்ணின் மரம். கால் நனைந்து நிற்கப் பயப்படாது, வேர் கரையை இறுகப் பிடிக்கும், கிளை தண்ணீர்ப் பக்கம் சாயும். புங்கும் நாவலும் கூட நிற்கலாம். மரம் கவிய சில ஆண்டுகள் எடுக்கும் என்பது நியாயமான முறைப்பாடுதான். அதுவரைக்கும் ஓரத்தில் இருக்கிற நாணலையும் தாழைப் பற்றையையும் வெட்டாமல் விட்டாலே இரண்டு மீற்றர் ஓடைக்குப் பாதி நிழல் கிடைத்துவிடும். "மருது தண்ணி குடிச்சிடும்" என்று பெரியவர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. மரம் குடிக்கத்தான் செய்யும். ஆனால் திறந்து கிடக்கிற தண்ணீரைக் கச்சானும் குடிக்கிறது, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நிழலும் காற்று மறைப்பும் அந்தப் பங்கைக் குறைக்கும். சல்வீனியாவும் ஆகாயத் தாமரையும் தண்ணீரை மூடுகின்றனவே, அதுவும் நிழல்தானே என்று ஒருவர் கேட்டார். அது வேண்டாத நிழல். மேற்பரப்பை அடைத்துக் காற்று கலக்க விடாது, செத்து அழுகி ஒட்சிசனையும் தின்றுவிடும்.

மரம் தோற்கிற இடம் ஒன்றே ஒன்று, மாடு. வேலி இல்லாமல் நட்ட கன்று ஒரு கோடையைத் தாண்டாது. மேய்ச்சல்காரரோடு முதலில் பேசி, மாடு தண்ணீர் குடிக்க இறங்குவதற்கு இரண்டு இடத்தை ஒழுங்காக விட்டு, மற்ற இடத்துக்கு முள்வேலி போடுங்கள். கன்றுச் செலவைவிட வேலிச் செலவுதான் கூடுதலாக வரும். பணத்தை அதற்கென்றே ஒதுக்கி வையுங்கள்.

நடுவதற்கு முன் ஒரு கோடை அளந்து பார்க்க வேண்டும். இதற்கு வானிலை நிலையத்தின் வளி வெப்ப அறிக்கையை மட்டும் நம்பினால் போதுமா? வாரச் சராசரி எப்படிப் போகிறது, இந்த ஆண்டு வழக்கத்தைவிடக் கடுமையா என்று பார்க்க அது உதவும், செலவும் இல்லை. ஆனால் நகரத்து அளவீடு கடற்காற்று படும் இடத்தினுடையது, உள்ளே கந்தளாயில் வெக்கை வேறு. எந்த வளைவு சுடுகிறது, எந்த மடு தப்புகிறது என்பதை அது ஒருபோதும் சொல்லாது. நிலத்தடி நீர் ஊறும் இடத்தையும் காட்டாது. கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனவர்களுக்கு இது தெரியும். அடுத்தடுத்திருக்கும் ஏழு கிணறுகளிலும் சூடு வேறு வேறு, மார்கழி மழையிலும் வெந்நீர்தான். ஆழத்திலிருந்து வரும் நீர் மேலே வீசும் காற்றைக் கேட்டு நடப்பதில்லை. ஓடையில் ஊறும் சாதாரண நிலத்தடி நீரும் அப்படித்தான், ஆனால் எதிர்ப்பக்கமாக. பிற்பகலில் சுற்றிலும் 34 பாகை இருக்கும்போது ஊற்று வாயில் 28, 29 இருக்கும். அந்த இடங்களைக் கண்டுபிடித்தால் மீன் எங்கே ஒதுங்கும் என்பதும் தெரிந்துவிடும்.

தானாகப் பதிவு செய்யும் கருவி நல்லதுதான், விலையும் அதற்கேற்ப இருக்கும், வெள்ளத்தில் போனால் போனதுதான். பள்ளிக்கூட ஆய்வுகூடத்துக் கண்ணாடி வெப்பமானி போதும். விடிகாலை 6 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும், நிழலான ஓரிடம், திறந்த ஓரிடம். குமிழில் வெயில் படாமல் உங்கள் உடம்பால் மறைத்து, ஓடுகிற தண்ணீரின் நடுவில் பாதி ஆழத்தில் பிடித்து, வெளியே எடுக்காமலே வாசியுங்கள். வெளியே எடுத்தால் ஈரம் ஆறி எண் இறங்கிவிடும். அதே நேரம் நிழலில் வளி வெப்பத்தையும் குறியுங்கள். திறந்த இடத்துக்கும் நிழல் இடத்துக்கும் பிற்பகலில் 2 பாகைக்கு மேல் வித்தியாசம் வந்தால் மரம் நடுவதற்கு அதைவிட ஆதாரம் தேவையில்லை. வித்தியாசமே இல்லையென்றால் மேலேயிருந்து வரும் தண்ணீரே சூடானது. அப்போது உங்கள் துண்டில் நடுவதை விட்டு, மேலே வடிச்சல் சேரும் இடத்தில் இருந்து தொடங்க வேண்டும்.

மே தொடக்கம் ஆகஸ்ட் வரை அளந்தால் வரைபடம் கையில் வந்துவிடும். ஐப்பசி மழை தொடங்கியதும் கன்று வைத்தால் அடுத்த கச்சானுக்கு முன் வேர் இறங்க ஐந்தாறு மாதம் இருக்கிறது. மடுவில் சேறு எடுக்கிற வேலை இருந்தால் அதை ஆவணியில், தண்ணீர் ஆகக் குறைந்திருக்கும்போது முடித்துவிடுங்கள். கன்று வைத்த பிறகு பெக்கோ கரையில் ஏறக் கூடாது.